அந்த நாலு வரி: பைத்தான் இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளின் கதை

போன வாரமே வந்திருக்க வேண்டிய எபிசோட் இது. ஏன் வரலைன்னு கேட்டா, காரணமும் இந்த எபிசோட்தான். கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல புரொடக்‌ஷன் பக்கம் கை வைக்கக்கூடாதுன்னு எல்லா ஆபீஸ்லயும் எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. நான் அங்கே கை வைக்கல, டெஸ்ட் சர்வர்லதான் வெச்சேன். நாங்க பாத்துக்கிற ஒரு பழைய சர்வீஸ் பைத்தான் 3.8ல ஓடிட்டு இருந்தது. 3.8க்கான ஆதரவு 2024 அக்டோபரோட முடிஞ்சு போச்சு. அதை 3.12க்கு மாத்துற வேலை என் தலையில விழுந்தது. டாக்கர்ஃபைல்ல ஒரே ஒரு எண்ணை மாத்திட்டு பில்ட் போட்டுட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தா சிவப்பு. அதுவும் ஒரு எர்ரர் இல்ல, ரெண்டு. முதல் எர்ரர்: செட்டப்டூல்ஸ்னு ஒரு மாட்யூல் இல்ல. அதுக்குக் கீழே பைத்தான் ஒரு வாக்கியம் சொல்லும், அது எனக்கு எப்பவுமே கொஞ்சம் சோகமா தோணும்: மேலே வந்த பிழையைச் சமாளிச்சிட்டு இருக்கும்போதே இன்னொரு பிழை வந்துடுச்சுன்னு. அந்த இன்னொரு பிழை: டிஸ்ட்யூட்டில்ஸ்னு ஒரு மாட்யூலும் இல்ல.

எங்க சர்வீஸ் நம்பியிருக்கிற ஒரு உள்வீட்டு லைப்ரரி இருக்கு. அதோட செட்டப் டாட் பை ஃபைலைத் திறந்தேன். மேலேயே அந்த நாலு வரி. பைத்தான்ல வேலை பார்க்கிறவங்க எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. வாயால சொல்லணும்னா இப்படி: ட்ரை, செட்டப்டூல்ஸ்ல இருந்து செட்டப்ங்கிற ஃபங்ஷனை எடு. எக்செப்ட், அது கிடைக்கலைன்னா, டிஸ்ட்யூட்டில்ஸ் டாட் கோர்ல இருந்து அதே பேர்ல இருக்கிற ஃபங்ஷனை எடு. அவ்வளவுதான்.

இந்த லைப்ரரியை 2014 வாக்குல எழுதின சீனியர் இப்ப வேற ஊர்ல, வேற வேலையில இருக்கார். வாட்ஸ்அப்ல கேட்டேன்: “அண்ணா, இந்த ட்ரை எக்செப்ட் எதுக்குப் போட்டீங்க?” பத்து நிமிஷம் கழிச்சுப் பதில் வந்தது: “நான் எங்கப்பா போட்டேன், வேற ப்ராஜெக்ட்ல இருந்து காப்பி பண்ணேன். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்.”

எல்லாரும் ஏன் போட்டாங்க? இதைத் தேடப் போய்தான் ஒரு வார எபிசோட் போச்சு. இந்த நாலு வரிக்குள்ள இருபத்தஞ்சு வருஷ வரலாறு இருக்கு.

ஆரம்பத்துல இருந்து வருவோம். 1990கள்ல பைத்தானுக்கு ஒரு லைப்ரரி எழுதி இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா பொதுவான வழின்னு ஒண்ணு கிடையாது. வெறும் பைத்தான் ஃபைலா இருந்தா பரவாயில்ல, சரியான இடத்துல காப்பி பண்ணிட்டுப் போயிடலாம். சி மொழியில எழுதின எக்ஸ்டென்ஷனா இருந்தாதான் தலைவலி. மேக்ஃபைல் டாட் ப்ரீ டாட் இன்னு ஒரு வார்ப்பு ஃபைல் வரும், அதை வெச்சு யூனிக்ஸ்ல கம்பைல் பண்ணணும். விண்டோஸ்காரங்க? அவங்க பாடு அவங்களோடது. பக்கத்து வீட்டுல பெர்ல் மொழிக்காரங்க 1995லேயே சிபேன்னு ஒரு பெரிய களஞ்சியம் வெச்சு, எந்த லைப்ரரியையும் ஒரே மாதிரி இன்ஸ்டால் பண்ணிட்டு இருந்தாங்க. பைத்தான்காரங்களுக்கு அதுல ஒரு ஏக்கம்.

1998ல ஒரு பைத்தான் மாநாட்டுல இந்தப் பிரச்சினையைப் பத்திப் பேச்சு வந்தது. அதுக்கப்புறம் கிரெக் வார்டுங்கிறவர் தலைமையில உருவானதுதான் டிஸ்ட்யூட்டில்ஸ். 2000ல வந்த பைத்தான் 1.6, 2.0 ரெண்டுலயும் பைத்தான் கூடவே வர்ற மாதிரி சேர்த்தாங்க. இதோட அழகு என்னன்னா, லைப்ரரி எழுதினவர் செட்டப் டாட் பைன்னு ஒரு சின்ன ஃபைல் எழுதினா போதும். அதுக்குள்ள பேர், வெர்ஷன், எந்தெந்த ஃபைல்னு சொல்லி செட்டப்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடணும். வாங்கினவர் “பைத்தான் செட்டப் டாட் பை இன்ஸ்டால்”னு ஒரு கமாண்ட் அடிச்சா முடிஞ்சது. லினக்ஸ், விண்டோஸ், மேக், எங்கேயும் அதே கமாண்ட்.

இன்னைக்கு டிஸ்ட்யூட்டில்ஸைத் திட்டறது ஃபேஷன். நானே திட்டியிருக்கேன். ஆனா 2000ல உட்கார்ந்து பார்த்தா அது ஒரு பெரிய காரியம். “எப்படி இன்ஸ்டால் பண்றது”ங்கிற கேள்விக்கு முதல் முறையா ஒரே ஒரு பதில் கிடைச்சது.

அதுல இல்லாத விஷயம் ஒண்ணு இருந்தது. என் லைப்ரரி ஓடணும்னா இன்னொரு லைப்ரரி வேணும்னு வெச்சுக்கோங்க. அதை டிஸ்ட்யூட்டில்ஸ்கிட்ட சொன்னா, பின்னால வந்த வெர்ஷன்கள்ல அது குறிச்சு வெச்சுக்கும். போய் எடுத்துட்டு வராது. எடுத்துட்டு வர்றதுக்குக் கடையும் கிடையாது. ரிச்சர்ட் ஜோன்ஸ் 2002ல முன்மொழிஞ்சு, 2003ல வந்ததுதான் பைபிஐ. அதுக்குச் செல்லப்பேர் சீஸ் ஷாப். மாண்டி பைத்தான் நகைச்சுவைக் குழு நடிச்ச ஒரு காட்சி அது: சீஸ் கடைக்கு ஒருத்தர் போவார், எந்த வகையைக் கேட்டாலும் இல்லைம்பாங்க, கடைசியில கடையில சீஸே இருக்காது. பைபிஐ ஆரம்பத்துல வெறும் அட்டவணைதான், ஃபைல்கள் வேற எங்கேயோ இருக்கும், இங்கே விவரமும் லிங்க்கும்தான். பேர் பொருத்தம் தெரிஞ்சேதான் வெச்சிருப்பாங்க போல.

இந்த இடத்துலதான் 2004ல பிலிப் எபி வர்றார். பி.ஜே.எபின்னு சொல்வாங்க. அவர் எழுதினது செட்டப்டூல்ஸ். டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்து எறியல. அது மேலேயே உட்கார்ந்து, அதோட கிளாஸ்களை ஓடும்போதே தன்னோடதா மாத்திக்கிட்டது. மங்கி பேட்ச்னு சொல்றோம்ல, அது. கூடவே மூணு புதுசு. ஒண்ணு, இன்ஸ்டால் ரிக்கொயர்ஸ்: “எனக்கு இதெல்லாம் வேணும்”னு பட்டியல் போட்டா நிஜமாவே போய் எடுத்துட்டு வரும். ரெண்டாவது, ஈஸி இன்ஸ்டால்: பேரைச் சொன்னா தேடிப் பிடிச்சு இறக்கி நிறுவும். மூணாவது, எக். ஆமா, முட்டைதான். பாம்பு முட்டையிடும்ங்கிற கணக்குல வெச்ச பேர். பேக்கேஜை ஒரு ஜிப் ஃபைலா அடைச்சு வைக்கிற வடிவம்.

டெவலப்பர்களுக்கு இது வரம். வேணுங்கிறதை எழுதி வெச்சா அதுவே வந்துடுது. ஆனா எல்லாருக்கும் பிடிக்கல, அதுக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. ஜிப்புக்குள்ள இருக்கிற ஃபைலைத் திறந்து பார்த்து டீபக் பண்றது எரிச்சல். பைத்தான் எந்த ஃபோல்டர்ல முதல்ல தேடணும்ங்கிற வரிசையை ஈஸி இன்ஸ்டால் மாத்திடும், அப்புறம் எந்த வெர்ஷன் ஓடுதுன்னு தெரியாது. நிறுவினதை எடுக்கணும்னா அதுக்குக் கமாண்டே கிடையாது. டெபியன் மாதிரி லினக்ஸ் வினியோகங்களைப் பராமரிக்கிறவங்களுக்கு இன்னும் கோபம். பேக்கேஜ் மேலாண்மை அவங்க வேலை. அவங்க வீட்டுக்குள்ள வந்து இன்னொருத்தர் கேட்காம சமையல் பண்ணா எப்படி இருக்கும்?

செட்டப்டூல்ஸ் இல்லாத மெஷினுக்கு எபி ஒரு வழி வெச்சிருந்தார். ஈஸெட் செட்டப்னு ஒரு சின்ன ஃபைல். அதை உங்க ப்ராஜெக்ட் கூடவே வெச்சுக் கொடுத்தீங்கன்னா, நிறுவும்போது அது இணையத்துக்குப் போய் செட்டப்டூல்ஸையே இறக்கிக்கும். நான் ஒரு சின்ன லைப்ரரியைக் கேட்டேன், அது கேட்காமலே இன்னொண்ணை இறக்குது. இணையமே இல்லாத பில்ட் சர்வர்ல அது நின்னுடும்.

2006ல பைத்தான் 2.5 தயாராகிட்டு இருந்த நேரம். செட்டப்டூல்ஸையும் பைத்தானோட ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துடலாம்னு ஒரு முயற்சி நடந்தது. எதிர்ப்பு வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படித் திடீர்னு சேர்க்கலாமா, டிஸ்ட்யூட்டில்ஸை இது உள்ளேயே மாத்துதே, ஆவணம் எங்கே, அப்படின்னு. கடைசியில எபி அதைத் திரும்ப எடுத்துக்கிட்டார். என்னைக் கேட்டா இந்த மொத்தக் கதையோட திருப்பம் அந்த இடம்தான். சேர்த்திருந்தா நல்லதா கெட்டதான்னு என்னால சொல்ல முடியாது. சேர்த்திருந்தா அந்த நாலு வரி பிறந்தே இருக்காது, அது மட்டும் நிச்சயம்.

சேர்க்கல. அதனால என்ன ஆச்சு? பைத்தான் கூட வர்றது ஒண்ணு, வசதிகள் இருக்கிறது இன்னொண்ணு. ஒரு லைப்ரரி எழுதறவர் எந்தப் பக்கம் நிக்கறது? செட்டப்டூல்ஸைக் கட்டாயம்னு போட்டா, அது இல்லாதவங்க கோவிச்சுக்குவாங்க. டிஸ்ட்யூட்டில்ஸ் மட்டும் போட்டா, தேவையான லைப்ரரிகள் தானா வராது. நம்ம ஊர்ல ரெண்டு சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னா கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டு நகர்ந்துடுவோம் இல்லையா, அதே தீர்வுதான். இருந்தா அதை எடு, இல்லைன்னா இதை எடு.

எல்லாரும் ஒரே மாதிரி போடல, அதுதான் சுவாரசியம். நம்பை, மேட்பிளாட்லிப் மாதிரி பெரிய அறிவியல் லைப்ரரிகள்ல செட்டப் டாட் பை டிஸ்ட்யூட்டில்ஸ் பக்கமே இருந்தது. கூடவே செட்டப்எக் டாட் பைன்னு தனியா ஒரு குட்டி ஃபைல். செட்டப்டூல்ஸ் வேணும்ங்கிறவங்க அதை ஓட்டிக்கலாம். அது உள்ளே செட்டப்டூல்ஸை ஒரு தடவை இம்போர்ட் பண்ணிட்டு அப்புறம் அசல் ஃபைலையே ஓட்டும். சைக்கிட் லேர்ன் வேற வழி: நீங்க என்ன கமாண்ட் அடிச்சீங்கன்னு பார்க்கும். டெவலப், பிடிஸ்ட் எக் மாதிரி செட்டப்டூல்ஸுக்கே உரிய கமாண்டா இருந்தா மட்டும் அதை இம்போர்ட் பண்ணும். முன்வாசல்ல எழுதிப் போட்டிருக்கிறது ஒரு பேர், பின்வாசல் வழியா வர்றவங்களுக்கு இன்னொரு பேர்.

ஆனா பரவினது என்னவோ அந்த நாலு வரிதான். இன்னைக்கு உலகம் பூரா ஓடுற ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோட ஆரம்ப வருஷங்கள்ல அதோட செட்டப் டாட் பைல இது இருந்தது. புதுசா லைப்ரரி எழுதறவங்க எல்லாம் ரிக்வெஸ்ட்ஸைப் பார்த்து எழுதினாங்க. ஜெட் ஷா எழுதின ‘லேர்ன் பைத்தான் த ஹார்ட் வே’ புத்தகத்துல ஒரு ப்ராஜெக்ட் எலும்புக்கூடு பயிற்சி வரும், அதுலயும் இதே ட்ரை எக்செப்ட். காலேஜ்ல செகண்ட் இயர் படிக்கும்போது ஹாஸ்டல் ரூம்ல அதே பயிற்சியை நானும் டைப் பண்ணியிருக்கேன். காப்பி பேஸ்ட் பண்ணாதே, கையால அடின்னு அந்தப் புத்தகம் சொல்லும், அதனால கையாலயே அடிச்சேன். எதுக்குன்னு மட்டும் கேக்கல. என் சீனியரைக் கேள்வி கேக்கற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கு?

சரி, இந்த நாலு வரியில தப்பு என்ன? பார்த்தா மரியாதையான கோட் மாதிரிதானே இருக்கு?

சமையல் குறிப்புல “கொத்தமல்லி இருந்தா தூவுங்க, இல்லைன்னா பரவாயில்ல”ன்னு போடுவாங்க. அது சரி. “புளி இருந்தா கரைச்சு ஊத்துங்க, இல்லைன்னா பரவாயில்ல”ன்னு சாம்பாருக்குப் போட்டா? செட்டப்டூல்ஸ் விஷயத்துல நடந்தது ரெண்டாவது. எக்செப்ட் பக்கம் போய் டிஸ்ட்யூட்டில்ஸ் ஓடினா, இன்ஸ்டால் ரிக்கொயர்ஸ் பட்டியலை அது பார்க்கும். அதுக்கு அது என்னன்னே தெரியாது. தெரியாத ஆப்ஷன் ஒண்ணு இருக்குன்னு ஒரு வரி எச்சரிக்கை மட்டும் காட்டிட்டுப் போயிடும். இன்ஸ்டால் நிக்காது. “வெற்றி”ன்னுதான் முடியும். ஸ்கிரீன்ல ஓடுற நூறு வரிக்கு நடுவுல அந்த ஒரு வரியை யார் பார்க்கப் போறாங்க?

அதாவது ஒரே ஃபைல், ஒரே கமாண்ட், ரெண்டு மெஷின். ஒண்ணுல லைப்ரரி அதுக்குத் தேவையான எல்லாத்தோடும் வந்து உட்காரும். இன்னொண்ணுல லைப்ரரி மட்டும் வரும். முதல் தடவை யாராவது அதை இம்போர்ட் பண்ணும்போதுதான் விழும்.

இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க சர்வீஸுக்கு ஒரு இன்ஸ்டால் ஆவணம் இருக்கு, ஏழு படி. நான் ஃப்ரெஷரா சேர்ந்தப்ப அதைப் பார்த்துதான் சர்வர் ஏத்தினேன். மூணாவது படி: லைப்ரரியை நிறுவு. நாலாவது படி: இந்த மூணு பேக்கேஜையும் கையால நிறுவு. அந்த மூணும் லைப்ரரியோட இன்ஸ்டால் ரிக்கொயர்ஸ்லயே இருக்கே, எதுக்குத் திரும்பக் கையாலன்னு அப்பவே கேட்டேன். “ஆவணத்துல இருக்குல்ல, செய்ங்க”ன்னாங்க. செஞ்சேன். எனக்கப்புறம் சேர்ந்த மூணு பேருக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

அந்த நாலாவது படி எங்கிருந்து வந்ததுன்னு இப்பதான் புரிஞ்சது. எங்ககிட்ட சென்ட்ஓஎஸ் 7 சர்வர்கள் இருந்தன. அதுல பைத்தான் 2.7 கூடவே வரும், டிஸ்ட்யூட்டில்ஸும் அதுக்குள்ளேயே இருக்கும். செட்டப்டூல்ஸ் தனிப் பேக்கேஜ், நாமதான் போட்டுக்கணும். யாரும் போடல. நாலு வரியும் தன் கடமையைச் சத்தமில்லாம செஞ்சிருக்கு. சர்வீஸ் விழுந்திருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி உட்கார்ந்து, என்னென்ன இல்லைன்னு பார்த்துக் கையால போட்டுட்டு, ஆவணத்துல ஒரு படி சேர்த்துட்டுத் தூங்கப் போயிருக்கார். பழைய மெயில்களைத் தோண்டினப்ப இதை உறுதி பண்ணிக்கிட்டேன். காரணத்தை யாரும் தேடல, ஏன்னா எர்ரர் வந்தது இன்ஸ்டால் பண்ணும்போது இல்லையே.

கதை இன்னும் முடியல. 2008 வாக்குல செட்டப்டூல்ஸோட வளர்ச்சி தேங்கிப் போச்சு. பயன்படுத்துறவங்க லட்சக்கணக்குல, பராமரிக்கிறது கிட்டத்தட்ட ஒரே ஆள். பாரம் அவ்வளவு, தோள் ஒண்ணுதான். தாரெக் ஜியாதேங்கிறவர் தலைமையில சிலர் பிரிஞ்சு டிஸ்ட்ரிபியூட்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. வேடிக்கை என்னன்னா, அதை நிறுவினாலும் இம்போர்ட் பண்ற பேர் செட்டப்டூல்ஸ்தான். பழைய கோட் எதுவும் உடையக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சாங்க. இப்ப நம்ம ட்ரை வரி “செட்டப்டூல்ஸ் இருக்கா?”ன்னு கேட்டு, “இருக்கு”ன்னு பதில் வந்தாலும், வந்தது யாருன்னு சொல்ல முடியாத நிலைமை. 2013ல ரெண்டும் திரும்ப ஒண்ணா சேர்ந்தது. செட்டப்டூல்ஸ் 0.7ங்கிற வெர்ஷன்ல. அந்தச் சமாதானத்துல ஜேசன் கூம்ப்ஸ் பங்கு பெருசு, அதுக்கப்புறம் பல வருஷம் அதைத் தோள்ல தூக்கினவரும் அவர்தான். நடுவுல டிஸ்ட்யூட்டில்ஸ்2ன்னு ஒரு புது முயற்சி, பைத்தான் 3.3க்குள்ள போகறதா இருந்து, 2012ல கடைசி நேரத்துல வெளியே எடுத்துட்டாங்க. அதை விட்டுடுவோம், அது தனி சோகம்.

2008ல இயான் பிக்கிங் பிப் கொண்டுவந்தார். நாம இன்னைக்குக் கண்ணை மூடிட்டு அடிக்கிற பிப் இன்ஸ்டால். இது ஒரு தந்திரம் செஞ்சது. எந்த செட்டப் டாட் பையை ஓட்டினாலும், ஓட்டறதுக்கு முன்னாடி தானே செட்டப்டூல்ஸை இம்போர்ட் பண்ணிடும். செட்டப்டூல்ஸ் உள்ளே வந்ததும் டிஸ்ட்யூட்டில்ஸை மாத்திடும்னு சொன்னேன்ல? அதனால பிப் வழியா வந்தா, நீங்க டிஸ்ட்யூட்டில்ஸ்னு மட்டுமே எழுதியிருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது செட்டப்டூல்ஸ். இந்தத் தேர்வையே பிப் உங்க கையில இருந்து எடுத்துடுச்சு. 2014ல வந்த பைத்தான் 3.4ல இருந்து பிப்பும் செட்டப்டூல்ஸும் பைத்தான் கூடவே நிறுவப்பட ஆரம்பிச்சது. அன்னையோட அந்த நாலு வரிக்குப் பெரும்பாலான இடங்கள்ல வேலையே கிடையாது. எங்க லைப்ரரியில அது காப்பி ஆனதும் அதே 2014லதான்.

டிஸ்ட்யூட்டில்ஸ் வழியா போனவங்களுக்கு இன்னொரு பாக்கி இருந்தது. உங்கள்ல நிறைய பேர் இதைப் பார்த்திருப்பீங்க, குறிப்பா உபுண்டுல. பிப் வெச்சு ஏதோ அப்கிரேட் பண்ணப் போனா, பையமல் பேக்கேஜை எடுக்க முடியாது, இது டிஸ்ட்யூட்டில்ஸ் நிறுவினது, எந்தெந்த ஃபைல் இதோடதுன்னு எனக்குத் துல்லியமா தெரியலைன்னு சொல்லி நின்னுடும். 2018 ஏப்ரல்ல வந்த பிப் 10ல இருந்து இப்படி. நான் அதைப் பார்த்து பிப்பைத்தான் திட்டினேன். இப்ப யோசிச்சா அது நேர்மையா பேசியிருக்கு. டிஸ்ட்யூட்டில்ஸ் நிறுவும்போது பேரும் வெர்ஷனும் ஒரு சின்ன ஃபைல்ல எழுதி வைக்கும், போட்ட ஃபைல்களோட பட்டியலை வைக்காது. பட்டியல் இல்லாம எதை நம்பி அழிக்கறது? முன்னால இருந்த பிப், எச்சரிக்கை ஒண்ணு காட்டிட்டு அந்தச் சின்ன ஃபைலை மட்டும் அழிச்சிட்டு, எடுத்தாச்சுன்னு சொல்லிட்டு இருந்தது.

தீர்வு வேற பக்கத்துல இருந்து வந்தது. 2012ல டேனியல் ஹோல்த் ஆரம்பிச்ச வீல் வடிவம், 2013ல ஏத்துக்கிட்டாங்க. சீஸ் கடைன்னு பேர் வெச்சாச்சு, அப்ப உள்ளே பெரிய வட்டமான சீஸ் வேணும்ல, அதுக்கு ஆங்கிலத்துல வீல். முன்கூட்டியே கட்டி வெச்ச பேக்கேஜ் அது. நிறுவும்போது செட்டப் டாட் பை ஓடவே ஓடாது, விரிச்சு இடத்துல வைக்கறதுதான் வேலை. ட்ரையும் இல்ல எக்செப்ட்டும் இல்ல.

ஆனா அந்த வீலை யாராவது முதல்ல கட்டணுமே. அதுக்கு செட்டப் டாட் பை ஓடணும். அதுல ஒரு கோழி முட்டைப் பிரச்சினை. இந்த ஸ்கிரிப்ட் ஓட என்ன வேணும்னு ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதியிருக்கு. அதைத் தெரிஞ்சுக்க ஸ்கிரிப்டை ஓட்டணும். ஓட்டறதுக்கு அது வேணும். முதல் வரியிலேயே நம்பையை இம்போர்ட் பண்ற செட்டப் டாட் பைகளை நீங்க பார்த்திருப்பீங்க. நம்பை இல்லைன்னா, நம்பை வேணும்னு சொல்லக்கூட அதால முடியாது. 2016ல பிரெட் கேனன், நாதனியல் ஸ்மித், டொனால்ட் ஸ்டஃப்ட் மூணு பேரும் எழுதின முன்மொழிவு, பெப் 518, இதை உடைச்சது: பைப்ராஜெக்ட் டாட் டாமல்னு ஓடாத ஒரு ஃபைல், வெறும் எழுத்து. கட்ட என்ன வேணும்னு அதுல எழுது. பிப் முதல்ல அதைப் படிச்சு, தனியா ஒரு இடத்துல அதெல்லாம் நிறுவி, அப்புறம்தான் கட்டும். “இருந்தா எடு”ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. பிப் 10ல இருந்து இது வேலை செய்யுது.

மறுபக்கம் டிஸ்ட்யூட்டில்ஸோட காலம் குறைஞ்சிட்டே வந்தது. டெபியன், உபுண்டு பக்கம் முன்னாலேயே அதைத் தனிப் பேக்கேஜாப் பிரிச்சிட்டாங்க. உபுண்டு 18.04ல பைத்தான் இருக்கும், டிஸ்ட்யூட்டில்ஸ் முழுசா இருக்காது, தனியா போட்டுக்கணும். பைத்தான் கூடவே எப்பவும் இருக்கும்னு நம்பித்தானே எக்செப்ட்ல அதை வெச்சோம்? 2020ல ஸ்டீவ் டவர் எழுதின பெப் 632 அதை எடுத்துடலாம்னு சொன்னது. செட்டப்டூல்ஸ் தனக்கு வேணுங்கிற டிஸ்ட்யூட்டில்ஸ் பிரதியைத் தன் வீட்டுக்குள்ளேயே எடுத்து வெச்சுக்கிட்டது. பைத்தான் 3.10ல எச்சரிக்கை. 2023 அக்டோபர்ல வந்த 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ் இல்ல. அதே 3.12ல இருந்து புதுசா ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கினா செட்டப்டூல்ஸும் தானா வராது.

ரெண்டுல ஒண்ணாவது இருக்கும்ங்கிறதுதான் அந்த நாலு வரியோட ஒரே நம்பிக்கை. 3.12ல ரெண்டுமே இல்ல. எங்க டாக்கர்ஃபைல்ல பிப் இல்லாம நேரா பைத்தான் செட்டப் டாட் பை இன்ஸ்டால்னே எழுதியிருந்தது, அதனாலதான் எனக்கு ரெண்டு எர்ரரும் வரிசையா வந்தது.

ஒண்ணு சொல்லணும். இந்த ஆராய்ச்சியில எனக்கு யார் மேலயும் கோபம் வரல. எபி மேலயோ, வேண்டாம்னு சொன்னவங்க மேலயோ. பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காம ராத்திரியும் வார இறுதியும் செஞ்ச வேலை இது. எனக்கு உறுத்துறது ஒண்ணுதான்: பேசித் தீர்க்க முடியாத ஒரு சண்டையை, அதுல சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட சர்வருக்கு, இன்ஸ்டால் ஆகற நேரத்துல, அவருக்கே தெரியாம தள்ளிவிட்டது அந்த எக்செப்ட். அந்த இடத்துல டிஸ்ட்யூட்டில்ஸ் ஒரு எச்சரிக்கைக்குப் பதிலா அடம்பிடிச்சு நின்னிருந்தா, எங்க ஆவணத்துல நாலாவது படி வந்திருக்காது. எக்செப்ட் பக்கத்தை யாரும் டெஸ்ட் பண்ணவும் இல்ல. எழுதினவங்க மெஷின்ல எல்லாம் செட்டப்டூல்ஸ் இருந்தது.

திங்கட்கிழமை வந்து நாலு வரியையும் அழிச்சேன். பைப்ராஜெக்ட் டாட் டாமல் ஒண்ணு எழுதினேன். பில்ட் சர்வர்ல இருந்து இணையம் கிடையாது, அதனால செட்டப்டூல்ஸோட வீலை எங்க உள்வீட்டு சர்வர்ல வெச்சு, பிப்புக்கு அந்த வழியைக் காட்டினேன். டாக்கர்ஃபைல்ல பிப் இன்ஸ்டால்னு மாத்தினேன். பச்சை. இன்ஸ்டால் ஆவணத்துல நாலாவது படியை எடுத்துட்டேன், இப்ப ஆறு படி. சீனியருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். “நல்லவேளை, நான் அங்கே இல்ல”ன்னு பதில் வந்தது.

ஒரே ஒரு சென்ட்ஓஎஸ் 7 சர்வர் மட்டும் இன்னும் இருக்கு. அதோட ஆதரவு 2024 ஜூன்லயே முடிஞ்சது, ஆனா அதுல ஓடுற ஒரு ரிப்போர்ட்டை ஒரு டீம் மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கறாங்க, அவங்க விட மாட்டேங்கறாங்க. அங்கே பைத்தான் 2.7, செட்டப்டூல்ஸ் கிடையாது, பைப்ராஜெக்ட் டாட் டாமலைக் காட்டினா என்னன்னே தெரியாது. அதுக்காக பழைய பிராஞ்சை அப்படியே விட்டு வெச்சிருக்கேன், ட்ரை எக்செப்ட்டோட. அந்தப் பிராஞ்சோட ஆவணத்துல நாலாவது படியும் இருக்கு. பக்கத்துல அது ஏன் இருக்குன்னு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கேன்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி யாருக்கும் காரணம் தெரியாத ஒரு நாலாவது படி இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.